ஊளைக்கு உரியவர் யார்?

1920 ஆம் ஆண்டுகளில் வழங்கிய வானொலிப் பெட்டிகள் பலவற்றிற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலியைப் பெருக்கும் ஆசையால் திருகியைச் சற்று அதிகமாகத் திருப்பிவிட்டால் பெட்டி ஊளையிடத் தொடங்கும். அயல்வீட்டுப் பெட்டியிலும் அவ்வூளை கேட்கும். இந்த ஊளையை முதலிற் கண்டவர் யார் என்பதை முன்னிட்டு அமெரிக்காவிலே ஏறக்குறைய 20 ஆண்டுகள் வழக்காடினர் என்றால் நேயர்கள் நம்புவது கடினமே.

கதையின் தொடக்கம் மின்குமிழிலே உள்ளது. தம் குமிழின் உட்புறம் கறுப்பதை ஆராய்ந்த எடிசன், சூடேறிய இழையிலிருந்து வெற்றிடத்தினூடே மின் பாய்வதைக் கண்டு, 1883 இல் அதற்கு ஆக்கவுரிமை கோரினார். அதற்கப்பால் அதனைத் தொடரவில்லை. 1904 இல் இங்கிலாந்திலே பிளெமிங் என்பார் அதே தோற்றப்பாட்டைக் கொண்டு, மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் வால்வை ஆக்கினார். 1906 இல் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட், இழைக்கும் தட்டுக்கும் நடுவே வளைந்த கம்பியொன்றைப் புகுத்தினார். மதகுப் பலகையைச் சிறுவனொருவன் ஏற்றி இறக்க, வாய்க்கால் வெள்ளம் கூடிக் குறைவதுபோல, அக்கம்பியில் ஏற்படும் சிறு மாற்றம் தட்டுக்குச் செல்லும் பெரிய ஓட்டத்தை ஆட்டிவைத்தது. இதற்கு ‘ஓடியன்’ எனப் பெயரிட்டார்.

விந்தை யாதெனில், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அவரே அறிந்திலர். குமிழினுள் எஞ்சியிருந்த வாயுவே அதன் உயிர் என்று அவர் கருதினார். அவ்வாயுவை இயன்றமட்டும் அகற்றிய பின்னரே ஓடியன் சீராகத் தொழிற்பட்டது. அதனைச் செய்தவர்களும் வேறு ஆய்வாளர்களே.

நியூயோர்க் நகரிலே கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1912 இல் இந்த ஓடியனை எடுத்து ஆராய்ந்தார். தட்டிலிருந்து வரும் பெருகிய மின்னில் ஒரு பகுதியை நடுக்கம்பிக்கே திருப்பி ஊட்டினால் என்ன? அது மறுபடியும் பெருகும். பெருகியதில் ஒரு பகுதி மீண்டும் திரும்பும். செவியிலே கருவியை அழுத்திக் கேட்கவேண்டியிருந்த தந்தி ஒலி, அறை முழுவதும் கேட்டது. ஊட்டுவதை இன்னும் மிகுத்தபோது வால்வு ஊளையிட்டது. அதாவது, தானே மின்னலைகளைப் பிறப்பிக்கும் அனுப்பு கருவியாயிற்று. ஒரே சுற்று கேட்கவும் உதவிற்று, பேசவும் உதவிற்று.

ஆக்கவுரிமைக்குப் பணம் கேட்டபோது, முதலிற் பட்டத்தைப் பெறுக என்றார் தந்தை. ஆகவே 1913 சனவரி 31 ஆந் திகதி, நொத்தாரிசு முன்னிலையில் 25 சதம் கொடுத்து, தம் வரைபடத்தை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டார். விண்ணப்பம் அவ்வாண்டு ஒற்றோபரிலேதான் போயிற்று. அந்தத் தாமதத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

டி பொரெஸ்ட் பின்னர் தாமும் உரிமை கோரினார். கலிபோர்ணியாவில் அவருடைய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலே, 1912 ஓகஸ்ட் 6 ஆந் திகதிக்குரிய பக்கத்தில், அத்தகைய ஊளை பதிவாகியிருந்தது உண்மை. ஆயின் அவர்கள் அப்போது தொலைபேசிக் குரலைப் பெருக்க முயன்றுகொண்டிருந்தனர். ஊளை அவர்களுக்குத் தொல்லையாகவே தோன்றிற்று. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது பழகிய சங்கதி. விடையைச் சரியாக எழுதிவிட்டு, வழியைக் கேட்டால் விழிக்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். டி பொரெஸ்ட்டின் கம்பியின்றி ஆம்ஸ்ட்ரோங்கின் சுற்று இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அந்தப் பெருமை அவருக்கே உரியது. ஊளையின் பெருமையோ, அதன் காரணத்தை 1914, 1915 ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக விளக்கிய ஆம்ஸ்ட்ரோங்கையே சாரும் என்பது என் துணிபு.

நீதிமன்றங்கள் ஒரு வழியில் நிற்கவில்லை. 1922 வரை தீர்ப்பு ஆம்ஸ்ட்ரோங் பக்கம். 1924 இல் மறுபக்கம். 1928 இல் அதியுயர் நீதிமன்றமும் மறுபக்கமே. 1933 இல் கீழ்மன்றமொன்று மீண்டும் ஆம்ஸ்ட்ரோங்கை ஏற்றது. 1934 மே மாதத்தில் அதியுயர் நீதிமன்றம் அதனை மாற்றி டி பொரெஸ்ட்டுக்கே முடிவாகத் தீர்ப்பளித்தது. இன்று பண்பலை எனப்படும் ஒலிபரப்பு முறைக்கு 1933 இல் ஆக்கவுரிமை பெற்றவரும் இதே ஆம்ஸ்ட்ரோங்தான். ஆயினும் அவர் மனத்தை அரித்தது முதற் கண்டுபிடிப்பே.

அம்மாத இறுதியிலே பிலடெல்பியா நகரில் வானொலிப் பொறியியலாளர் சங்கம் கூடிற்று. ஊளைச் சுற்றுக்காக அச்சங்கம் முன்னர் வழங்கிய கௌரவப் பதக்கத்தைத் திருப்பி ஒப்படைக்கும் எண்ணத்துடன் ஆம்ஸ்ட்ரோங் அங்கு சென்றார். அவர் பேசுமுன் தலைவர் முந்திக்கொண்டார்: பதக்கத்தை மீளப் பெறச் சங்கம் மறுக்கிறது, வழங்கியபோது கூறிய பாராட்டுரையை மீண்டும் உறுதிசெய்கிறது என்றார். அவையிலிருந்த பொறியியலாளர்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர்.