கண்வலிக் கிழங்கும் கால் பெருவிரல் வலியும்

நம்ம அவிநாசியிலிருந்து தெற்கே, தாராபுரம் தாண்டி மூலனூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் போனீங்கன்னா, காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டு போவதைப் பார்க்கலாம். செங்காந்தள் பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு ஒதுங்கி வளைந்து நிற்கும். அதனால் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறாங்க. விதைக்குத்தான் காசு.

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் முதல் பூ இது. நம்ம மாநிலப் பூவும் இதுதான். ஊரில் பேரு கண்வலிக் கிழங்கு. ரொம்ப நாளா கிளுவை வேலியில் தானா படர்ந்து கிடந்த கொடி.

இதன் மருந்துக் கதை வேறொரு செடியில் தொடங்குது. ஐரோப்பாவின் கொல்சிகம். 6-ஆம் நூற்றாண்டிலேயே டிராலெஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் அதை மூட்டு வாதத்துக்குக் கொடுத்திருக்கிறார். 1820-ல் பெல்லெத்தியே, காவெந்தூ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து கோல்சிசினைப் பிரித்தெடுத்தாங்க. (அதே வருஷம் குயினைனையும் பிரித்தது இதே ஜோடிதான்!) 1915-ல் க்ளூவர், கிரீன், டுடின் மூவரும் நம்ம காந்தளிலும் அதே கோல்சிசின் இருக்குன்னு காட்டினாங்க.

ராத்திரி திடீர்னு கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போற வலி வருமே, கௌட், அதுக்கு இன்னைக்கும் இந்த மாத்திரை எழுதறோம். வெள்ளணுக்கள் வீக்கம் இருக்கிற இடத்துக்கு ஓடிவருவதை இது தடுக்குது. 2023-ல் அமெரிக்காவில் மாரடைப்பைத் தடுக்கவும் 0.5 மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சிருக்கு.

விலைக்கதை தனி. 2009-க்கு முன்னால் அங்கே ஒரு மாத்திரை 9 சென்ட் அளவில் இருந்தது. ஒரே கம்பெனிக்குத் தனி உரிமை கிடைத்ததும் 4.85 டாலர். நம்மூர் விவசாயிக்கோ விதை விலை வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு.

இனி முக்கியமானது. அதே கோல்சிசின்தான் கிழங்கிலும் இருக்கு. செல் பிரிவதையே நிறுத்திவிடும். சர்க்கரைவள்ளின்னு நினைச்சுச் சாப்பிட்டவங்க உண்டு, சாகணும்னு சாப்பிட்டவங்களும் உண்டு. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. அது நின்னதும் "சரியாப் போச்சு"ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. அடுத்த சில நாளில்தான் ரத்த அணுக்கள் சரியும், உறுப்புகள் கைவிடும். இதுக்கு மாற்று மருந்து நம்ம கையில் இல்லை. ஒரு துண்டு தின்னிருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. மீதிக் கிழங்கையும் கையோட எடுத்துட்டு வாங்க.