புத்தகக் கடையில் கிடந்த ராஜா

தென்னாட்டு மௌனப் படங்களைத் தேடிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல் சொத்தை விற்று எடுத்த ‘விகதகுமாரன்’ இல்லை. ஆனால் அதே டேனியலின் உறவினர், நாகர்கோவில் ஆர். சுந்தர் ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பிவிட்டது. தப்பவைத்தது ஒரு வழக்கு.

நெல்லையிலிருந்து பஸ் ஏறி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாகர்கோவில். 1956 வரை அது திருவிதாங்கூர்ச் சீமை. அரசர்களோ அந்த எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. 16ஆம் நூற்றாண்டில் வேணாட்டு மன்னர் ஒருவர் நெல்லைப் பக்கத்துக் களக்காட்டில் இருந்தே ஆண்டிருக்கிறார். அந்த வம்சத்தில் பிறகு வந்த மார்த்தாண்ட வர்மாவை நாயகனாக்கி சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவலைத்தான் சுந்தர் ராஜ் படமாக்கினார். இயக்கம் பி.வி. ராவ்.

படம் 1933இல் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியானது. நாவலின் உரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. முறையான அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று பதிப்பகம் நீதிமன்றம் போக, ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே பிரதியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். போட்ட பணம் போச்சு. சுந்தர் ராஜை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் படச்சுருளின் ஜாதகம் வேறு மாதிரி. பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேசாத படத்துக்கு மவுசு குறைந்துகொண்டிருந்த காலம். ஓடி முடித்த மௌனப் படங்களின் சுருள்களை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்க விற்பது சகஜம். விற்காமல் வைத்திருந்தாலும் நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும், நம்மூர் வெக்கையில் தானாகவே மக்கிப்போகும். இந்தப் பிரதியோ ஜெயித்த கட்சியின் கையில், புத்தகக் கட்டுகளோடு கட்டாக நாற்பது வருஷம் கிடந்தது. படத்தை முடக்கியவர்களே காவலும் காத்தார்கள். 1974இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர் முயற்சியால் அது அங்கே போய்ச் சேர்ந்தது.

ராவின் படத்தில் எனக்குப் பிடித்தது கதைக்கு வெளியே இருக்கிறது. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து ஆராட்டு ஊர்வலத்தை நேரில் படம்பிடித்து ஆரம்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். மார்த்தாண்ட வர்மாவாக வருபவர் ஜெய்தேவ் என்ற நடிகர். ஆராட்டில் வருவதோ வேஷம் கட்டாத ராஜா, வேஷம் கட்டாத கூட்டம். வணிகத் தந்திரமாகவும் இருக்கலாம். இன்றைக்கு அந்த அடிகளுக்கு விலையே கிடையாது. அப்புறம் கதை ஓடுகிறது: துரத்தப்படும் இளவரசன், பஞ்சவன்காட்டில் வெட்டுப்பட்டும் பிழைத்துப் பைத்தியக்கார வேஷத்தில் திரியும் அனந்தபத்மநாபன், அவனைக் காப்பாற்றும் பட்டாணியர்கள். வாய் பேசாத சினிமாவுக்கு இதைவிடத் தோதான கதை வாய்ப்பது கஷ்டம்.

வசன அட்டைகள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் நம் கொட்டகைகளில் இத்தகைய அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்ல ஓர் ஆள் நிற்பார். நெல்லையில் படவிழா நடத்துகிறவர்கள் புணேக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். தமிழில் கதை சொல்லவா இந்த ஊரில் ஆள் கிடைக்காது?