கார் இருக்கைக்குள் நம் கித்தாப் பால்



முன்னாளில் தோட்டத்துரைமார்கள் ஓட்டிய மாரிஸ், ஆஸ்டின் கார்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அத்தகைய பழைய கார்களைச் சிலர் தேடி வாங்கி, வீட்டிலேயே இருக்கைகளைப் பிரித்துப் புது உறை தைத்துப் போடுகிறார்கள். அப்படிப் பிரிக்கும் இருக்கைக்குள் என்ன இருக்கிறது? அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கார் தோன்றிய காலத்தில் அதன் இருக்கைகளைச் செய்தவர்கள் குதிரை வண்டிக்கு மெத்தை தைத்தவர்களே. ஆகவே வண்டியின் வேலைமுறை அப்படியே காருக்கும் வந்தது. மரச்சட்டம், அதன்மேல் இரும்புச் சுருள் ஸ்பிரிங், அதன்மேல் சாக்குத் துணி, பிறகு குதிரை மயிர், எல்லாவற்றுக்கும் மேலே தோல். குதிரை மயிரைக் கயிறாக முறுக்கி, ஆவியில் வேகவைத்துப் பிரிப்பார்கள். அதனால் மயிர் சுருண்டு, அமுக்கினாலும் மீண்டும் எழும்பும். தோலின் விலை அதிகம். எனவே துணிமேல் பூச்சுப் பூசித் தோல்போலத் தோன்றச் செய்த ரெக்சின், விலை குறைந்த கார்களுக்கு வந்தது.

இந்த மெத்தைக்குள் நம் கித்தாப் பால் புகுந்த கதை 1929-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரிலிருந்த டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மர்ஃபி என்பவர், முட்டையை அடித்து நுரை எழுப்புவதுபோல ரப்பர் பாலை அடித்து நுரை எழுப்பினார். அந்த நுரையை அச்சில் ஊற்றி, உறைய வைத்து, கந்தகத்தின் துணையுடன் சூடேற்றிப் பதப்படுத்தியபோது மெத்தென்ற நுரை ரப்பர் கிடைத்தது. குதிரை மயிரின் மேலும் தேங்காய் நாரின் மேலும் ரப்பர் பாலைத் தெளித்து மெத்தை செய்யும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. மாரிஸ் மைனர் காரின் முன் இருக்கையில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் விரிப்பையே சட்டத்தில் கொக்கிகளால் இழுத்து மாட்டினார்கள்.

மங்கில் விழுந்த பால் நேரம் சென்றால் உறைந்துவிடும் என்பது நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, அது கடல் கடந்து போனது எப்படி? அம்மோனியா கலந்தால் பால் உறையாது. அதை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, நீரைப் பிரித்து, 100-க்கு 60 பங்கு ரப்பர் உள்ள அடர்ந்த பாலாக்கிக் கப்பலேற்றினார்கள். டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவிலேயே சொந்தத் தோட்டங்கள் இருந்தன. நெகிரி செம்பிலானில் பகாவ் வட்டாரத்துக் கெடிஸ் தோட்டம் அவற்றுள் ஒன்று.

பிறகு காலம் மாறியது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த பாலியூரித்தேன், 1950-களில் மென்மையான நுரையாக விற்பனைக்கு வந்தது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் இரசாயனங்களால் ஆன அது, விலையிலும் எடையிலும் குறைவு. கார் மெத்தையில் கித்தாப் பாலுக்கு இருந்த இடம் சுருங்கிப்போனது.

இன்று இருக்கையைப் பிரிப்பவர்களுக்குச் சில யோசனைகள். முதலில் ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையைக் கிழிக்காமல் தையலை மட்டும் வெட்டிப் பிரியுங்கள். புதுத் துணியை வெட்டப் பழைய உறையே அளவு. நல்ல குதிரை மயிரை அலசி, உலர்த்தி, பிய்த்து மறுபடியும் பயன்படுத்தலாம். காற்றும் வெயிலும் பட்ட நுரை ரப்பர் இறுகி, தூளாக உதிரும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அதை அகற்றுங்கள்.

ஆனால் அதில் ஒரு துண்டையாவது எடுத்து வைத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். மாரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் பெயரைப் புத்தகங்கள் சொல்கின்றன. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டிய பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் அந்தக் காரில் உட்கார்ந்ததும் இல்லை. அவளைப் போன்றவர்களின் உழைப்பும் அந்த இருக்கைக்குள் இருக்கிறது என்பதை நாம்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.