வன்னியும் வேர்க்கொம்பும்

1895 இல் லூயிஸ் துரை வன்னி பற்றிய நூலை வெளியிட்டபோது அது குடிகள் அருகிய நிலம். குடிகளை நலிவித்தவற்றுள் மலேரியாவும் ஒன்று. காய்ச்சலென்றால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீரே முதற் கைமருந்து. வேர்க்கொம்பாவது உலர்ந்த இஞ்சி, தமிழகத்தார் சுக்கென்பர்.

உணவென்ற அளவில் இஞ்சியின் பெறுமதி சிறிதே. 100 கிராம் பச்சை இஞ்சியில் ஏறத்தாழ 79 கிராம் நீர். புரதம் 2 கிராமுக்குங் குறைவு. நாமோ வேளைக்குச் சில கிராமே கொள்கின்றோம்! அதன் சிறப்பெல்லாம் உறைப்பிலுள்ளது. ஜிஞ்சரோல் என்னும் உறைப்புப்பொருள் உலருங்கால் ஒரு பகுதி ஷோகவோலாக மாறிக் காரம் மிகும். இஞ்சி குமட்டலைத் தணிப்பது. ஆதலின் காய்ச்சற்காரர் வயிற்றிற் கஞ்சி தங்க அக்குடிநீர் உதவியிருத்தல் கூடும்.

எனினும் மலேரியாக் கிருமியை அது கொல்லவில்லை, கொன்றது கொயினா. நுளம்பை ஒடுக்கியது 1946 முதல் வீடுதோறுந் தெளித்த டீ.டீ.ரீ. இலங்கை மலேரியாவற்ற நாடெனச் சான்று பெற்றது 2016 இலேதான். வேர்க்கொம்போ இன்றும் அடுக்களையிலுண்டு.