தலைவிளக்கு

தலைவிளக்கு என்பது நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளி, இரு கைகளும் வேலைக்கு விடுபட்டிருக்கும்படி, நெற்றியிலோ தலைக்கவசத்திலோ அணியும் விளக்காகும். அதற்கு முன், 1815இல் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய, கையில் ஏந்தும் காப்பு விளக்கில், சுடரைச் சூழ்ந்த கம்பிவலை வெப்பத்தை உறிஞ்சி, நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் மீத்தேன் தீப்பற்றாமல் தடுத்தது. ஆனால் அதே வலை வெளிச்சத்தையும் மறைத்ததால், மங்கலில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்குக் கருவிழி ஓயாமல் துடிக்கும் விழிநடுக்க நோய் கண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கார்பைட் விளக்கில், மேலறையிலிருந்து சொட்டும் நீர் கீழறையிலுள்ள கால்சியம் கார்பைடுடன் கலந்து அசிட்டிலீன் வாயுவை வெளியிட, அது சிறுதுளையில் வெண்சுடராக எரிந்தது. திறந்த சுடராதலால், மீத்தேன் கசியும் சுரங்கங்களுக்கு அது ஆகாது. அங்கே மின்கல விளக்கே தீர்வாயிற்று.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள், அதாவது வெள்ளீயச் சுரங்கங்கள், பெரும்பாலும் திறந்தவெளியில் அமைந்தவை. எனினும் இவ்வகை விளக்கு இங்குள்ள தமிழருக்கு அந்நியமன்று. ரப்பர் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்கு வடிவது விடியலுக்கு முந்திய குளிர்வேளையிலேயே என்பதால், இருட்டில் தோட்டத்துக்குள் நுழைந்த பால்வெட்டுத் தொழிலாளர், நெற்றி வெளிச்சத்தில் முந்தைய வெட்டில் உறைந்த கோட்டுப்பாலை உரித்தெடுத்து, மரத்தின் உள்தோல் காயப்படாதபடி மெல்லிய பட்டையைச் சீவினர். சுரங்க விளக்கின் வரலாற்றை எழுதுவோர் இந்த உழைப்பாளிகளையும் சேர்த்தே எழுதவேண்டும். இன்று எல்.இ.டி. விளக்கு, குறைந்த எடையில் பல மணி நேரம் ஒளி தருகிறது.