அடுத்த அறைக்கு ஒரு வலைப்பக்கம்

உலகளாவிய வலை முதலில் உலகத்துக்காகச் செய்யப்படவில்லை. ஒரே வளாகத்தில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் தேடிப் படிக்கத்தான் அது உண்டானது. இணைய இதழில் படித்து, இணைய இதழிலேயே எழுதத் தொடங்கிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம். வலை என்றாலே எங்கோ தூரத்தில் இருக்கும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் முதல் சில ஆண்டுகளைப் படித்த பிறகு, இன்று நாம் எதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் சேர்ந்தே புரிந்தது.

சுவிட்சர்லாந்து – பிரான்ஸ் எல்லையில், ஜெனீவாவுக்கு அருகில் இருக்கிறது செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடம். பல நாடுகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். இரண்டு ஆண்டு இருப்பார்கள், போய்விடுவார்கள். எந்தக் கருவியை யார் செய்தார், எந்த நிரலை ஏன் அப்படி எழுதினார் என்ற விவரமும் அவர்களோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தன் மேலதிகாரிக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதன் கவலையே இதுதான்: வீட்டுக்குள்ளேயே தகவல் தொலைந்துபோகிறது, என்ன செய்யலாம்?

அன்று செர்னில் கணினிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றோடு ஒன்று பேசுவதுதான் சிரமம். ஒவ்வொரு கம்பெனி மெஷினுக்கும் ஒவ்வொரு பாஷை. 1985 முதல் பென் சீகல் என்பவர், இன்று இணையம் முழுவதும் ஓடும் டிசிபி/ஐபி முறையை அங்கே கொண்டுவந்தார். ஆனால் வளாகத்துக்குள் மட்டும்தான் அனுமதி. வெளியுலகுக்கான கதவு 1989இல்தான் திறந்தது. வலைக்கு வேண்டிய சாலையே முதலில் உள்தெருவாகத்தான் போடப்பட்டது.

1990 முடிவதற்குள் பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணினியில் முதல் செர்வரும் முதல் உலாவியும் ஓடத் தொடங்கின. அந்தக் கணினியின் மேல் ஒரு துண்டுத்தாளில், இது செர்வர், தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள் என்ற பொருளில் கையால் எழுதி ஒட்டியிருந்தது. உலகின் முதல் வலைத்தளத்துக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். யாராவது சுவிட்சைத் தட்டிவிட்டால் வலை அணைந்துவிடும்.

பக்கம் எழுதியாகிவிட்டது, செர்வரும் ஓடுகிறது. அடுத்த அறைக்காரர் எப்படிப் பார்ப்பது? அந்த உலாவி நெக்ஸ்ட் கணினியில் மட்டுமே வேலை செய்தது. செர்னில் அது சில பேரிடம்தான் இருந்தது. இந்த இடத்தில் வருகிறார் நிக்கோலா பெல்லோ என்ற கணித மாணவி. வெறும் எழுத்து மட்டும் தெரியும், எந்தப் பழைய முனையத்திலும் ஓடக்கூடிய எளிய உலாவி ஒன்றை அவர் எழுதினார். பார்க்க அழகில்லை, ஆனால் எல்லார் மேசைக்கும் போனது. பெர்ன்ட் போலர்மன் என்பவர் செர்னின் டெலிபோன் டைரக்டரியை வலையில் கிடைக்கச் செய்தார். மகத்தான கனவை விளக்கிச் சொல்லி யாரையும் இழுக்க முடியவில்லை. சக ஊழியரின் போன் நம்பர் சட்டென்று கிடைக்கும் என்றதும் ஆட்கள் வந்தார்கள்.

1991 ஆகஸ்டில்தான் வெளியுலகுக்கு அறிவிப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில், ஐரோப்பாவுக்கு வெளியே முதல் செர்வர் எழுந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. உள்தெரு உலகச்சாலை ஆனது அப்படித்தான்.

சாலையில் வீடுகள் பெருகியதும் கதவிலக்கம் தட்டுப்பட்டது. அன்றைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். இப்படியே போனால் தீர்ந்துவிடும் என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்காக 1996 பிப்ரவரியில் வந்த ஏற்பாட்டில் சில எண் வரிசைகள் உள்வலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. உங்கள் வீட்டு வைஃபையில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த ஒதுக்கீடுதான்.

இதை விளங்கிக்கொள்ள நம் தோட்டங்களே போதும். எல்லாத் தோட்டத்து லயத்திலும் எட்டாம் நம்பர் வீடு உண்டு. அந்த எண் அந்தத் தோட்டத்துக்குள் மட்டும்தான் செல்லுபடி. வெளியிலிருந்து கடிதம் ஆபீஸுக்கு வரும். கிராணி பார்த்து உரிய வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். இன்று அந்தக் கிராணி வேலையைத்தான் ரௌட்டர் செய்கிறது. நாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் யாருக்கு என்று அதற்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் நேரே எட்டாம் நம்பரைத் தேடி வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

இந்த ஏற்பாடு இணையத்தைக் காப்பாற்றியது, உண்மை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வெளியே போய் வாங்குவது சுலபமானது, வீட்டிலிருந்தே கொடுப்பது சிரமமானது. எதையாவது பகிர வேண்டுமென்றால் பெரிய கம்பெனியின் இடத்தில் வாடகைக்கோ இலவசத்துக்கோ குடியேறும் பழக்கம் நமக்கு வந்தது.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தம்பி பழைய சிற்றிதழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்து, மடிக்கணினியில் அழகான சின்னத் தளமாக வைத்திருந்தான். அதன் முகவரியைக் குழுவில் போட்டதும் ஆளாளுக்கு, “தம்பி, ஒண்ணும் வரலயே!” என்றார்கள். அவன் அனுப்பியது 127.0.0.1 என்ற எண். எந்தக் கணினிக்கும் அது ‘நானே’ என்றுதான் பொருள். ஒவ்வொருவர் கைப்பேசியும் தனக்குள்ளேயே அந்தத் தளத்தைத் தேடிவிட்டுக் கைவிரித்தது. சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. செர்வரைத் தன் குரலுக்கு மட்டுமல்லாமல் வைஃபையில் வரும் குரல்களுக்கும் காதுகொடுக்கச் சொல்ல வேண்டும். ஃபயர்வாலில் அதற்கு அனுமதி தர வேண்டும். பிறகு மடிக்கணினியின் 192.168 எண்ணையும் போர்ட் எண்ணையும் சொல்ல வேண்டும். விருந்தினர் வைஃபையில் மட்டும் இது பெரும்பாலும் நடக்காது. அங்கே ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அன்று மாலை ஏழெட்டுப் பேர் ஒரே அறையில், எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், ஒரே இதழைப் புரட்டினோம்.

என் மெஷினில் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. இந்தச் சிக்கலைத் தமிழும் கடந்து வந்திருக்கிறது. சிங்கப்பூர்ச் சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமி 1995இல், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இடம்பெற்ற தளத்தில் தமிழை ஏற்றினார். தமிழின் முதல் வலைப்பக்கங்களில் வைத்து எண்ணப்படுவது அது. யுனிகோடு பரவாத காலம். எழுதியவரின் எழுத்துரு படிப்பவரின் கணினியில் இல்லாவிட்டால் கவிதை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். பெல்லோ செய்ததும் கோவிந்தசாமி செய்ததும் ஒரே வேலைதான்: அடுத்தவர் மேசையில் போய் உட்கார்ந்து, அவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. 1999இல் அவர் மறைந்தபோது வயது ஐம்பதைத்தான் கடந்திருந்தது.

வாடகை வீட்டின் கதி நமக்குத் தெரியும். இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின. தமிழ்ப் பக்கங்களும்தான். நம் சிற்றிதழ்கள் எத்தனை ஒரே ஓர் ஆண்டுக் கட்டணத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கட்ட மறந்தால் இருபது ஆண்டு விவாதம் ஒரே இரவில் காணாமல் போகும். வெளியே இருக்கும் தளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் முழுப் பிரதி ஒன்று நம் கணினியில் இருக்கட்டும், அறையில் இருப்பவர்கள் திறந்து படிக்கும் நிலையில் இருக்கட்டும் என்கிறேன்.

2013இல் செர்ன் தன் முதல் வலைத்தளத்தை மீட்டெடுக்க முயன்றது. அவர்கள் கையில் இருந்த மிகப் பழைய பிரதியே 1992ஆம் ஆண்டினுடையது. அதைவிடப் பழையது, 1991ஐச் சேர்ந்தது, அமெரிக்காவின் வட கரோலினாவில் பால் ஜோன்ஸ் என்ற பேராசிரியரிடம் கிடைத்தது. அங்கே போயிருந்தபோது பெர்னர்ஸ்-லீ பகிர்ந்துகொண்ட பக்கம் அது. ஜோன்ஸ் அதைத் தன் நெக்ஸ்ட் கணினியில் பத்திரமாக வைத்திருந்தார்.