மந்தையோட்டியின் மைந்தர்: வில்லியம் எட்வர்ட் சிங் குடிவரலாறு

குடிவரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் குறுநில மன்னரையும் கொடையாளரையும் புலவரையுமே நாடிச் செல்வர். செப்பேடும் கல்வெட்டும் அன்னார்க்கே வாய்த்தமையின் அஃது இயல்பேயாம். மாடு மேய்த்தும் மந்தை ஓட்டியும் வாழ்ந்த குடிகளுக்குச் சான்று யாது? பிறப்புப் பதிவு, பட்டாளத்துப் பேரேடு, இறந்தபின் எழுதிய பொருட்கணக்கு ஆகிய இவையே. இத்தகைய சிறு சான்றுகளைக் கொண்டும் ஒரு குடியின் வரலாற்றை உருவாக்கலாகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் மந்தையோட்டி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, முதல் உலகப் போரில் பெரும்பெயர் பெற்ற வில்லியம் எட்வர்ட் சிங் என்பாரது வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம். ஊரார் அவரைப் பில்லி சிங் என்று அழைத்தனர். அவ்வரலாற்றினுள் ஒரு வழக்கும் உண்டு. அவ்வழக்கு வீரரைப் பற்றியதன்று. அவர் தந்தையைப் பற்றியது.

சிங் என்றவுடன் பாஞ்சாலத்துச் சீக்கியர் என்று நேயர் கொள்ளற்க. இது சீனப் பெயர். தந்தையாராகிய ஜான் சிங், சீனநாட்டு ஷாங்காய் நகரினின்று வந்தவர்; குவீன்ஸ்லாந்து நாட்டின் உட்பகுதியிலுள்ள கிளெர்மாண்ட் என்னும் ஊரிலே மந்தையோட்டியாக வாழ்ந்தவர். தாயார் மேரி ஆன் பியூ என்பவர், இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுஷயரைச் சேர்ந்த கிங்ஸ்வின்போர்டு என்னும் ஊரினர். நோயாளிகளைப் பேணும் செவிலித் தொழிலர். இவ்விருவர்க்கும் மகனாக 1886-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2-ஆம் நாள் வில்லியம் பிறந்தார். உடன் வளர்ந்த சகோதரியர் இருவர்.

மந்தையோட்டியின் தொழில் இன்னதென்று சிறிது விளக்குதல் வேண்டும். குவீன்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள் பரந்தவை. சந்தையும் துறைமுகமும் வெகுதொலைவில் உள்ளவை. புகைவண்டிப் பாதையும் சுமைமோட்டாரும் எங்கும் பரவுவதற்கு முன்னர், மாடுகள் தம் காலாலேயே நடந்து சந்தை சேர வேண்டியிருந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளை ஒரு மந்தையாகத் திரட்டிக் குதிரைமேலிருந்தவாறே மாதக்கணக்கில் ஓட்டிச் செல்வர். நாளொன்றுக்குப் பத்து மைல் அளவே நடை. விரைந்து ஓட்டினால் மாடு மெலிந்து விலை குறையும். மெல்ல ஓட்டினாலோ வழியிலுள்ள பண்ணைக்காரர் தம் புல் தீர்கின்றதென்று சினப்பர். நீர்நிலை நோக்கியே வழி அமையும். இரவில் முறைவைத்து மந்தையைச் சுற்றிக் குதிரையில் வலம் வந்து, மாடுகள் வெருவாதபடி மெல்லப் பாடிக்கொண்டிருப்பர். ஒரு சுள்ளி முறிந்தாலும் மந்தை முழுதும் வெருண்டு ஓடும். எதிர்ப்பட்ட மனிதர் மிதியுண்டு மடிவர். பொறுமையும், தனிமையில் அஞ்சாமையும், சிற்றொலியையும் கேட்கும் செவியும் இத்தொழிலின் முதல்கள். இவை மைந்தர்க்குப் பின்னர் எங்ஙனம் பயன்பட்டன என்பதை மேலே காண்போம்.

கிளெர்மாண்ட், 1861-ல் பொன் அகப்பட்டமையால் எழுந்த ஊர். பொன்னை நாடி வந்தோருள் சீனர் பலர். அவர்கள் உழைப்பு வேண்டப்பட்டது. அவர்கள் இருப்பு வெறுக்கப்பட்டது. 1888-ல் ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் சிட்னியில் கூடிச் சீனர் வரவைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்தன. அப்போது வில்லியம் இரண்டு வயதுக் குழவி. 1901-ல் அந்நாடுகள் ஒன்றாய் இணைந்தவுடன் இயற்றிய முதற்சட்டங்களுள் ஒன்று, குடியேற்றத் தடைச் சட்டம். ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை அதிகாரி சொல்ல, வந்தவர் பிழையின்றி எழுதுதல் வேண்டும் என்பது அதன் சோதனை. எம்மொழி என்பதை அதிகாரியே தேர்ந்து கொள்வார் என்றால், இச்சோதனை எதற்கென்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இத்தகைய நாட்டில், சீனத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் கேட்டிருக்கக்கூடிய சொற்களை நேயரே உன்னிக் கொள்க. ஆயினும் மூவரும் கல்வியிற் சிறந்து விளங்கினர் என்று அறிகின்றோம்.

வில்லியம் இளமையில் மரம் இழுக்கும் வண்டிகளை ஓட்டினார். பண்ணைகளில் மாடு பேணினார். பின்னர்க் கடலோரத்துப் புரொசர்பைன் என்னும் ஊரில் கரும்பு வெட்டினார். தந்தையின் கையினின்று மகன் கைக்கு வந்த தொழில் இரண்டாவதேயாம். அவர் பொழுதுபோக்கு, துப்பாக்கி. கங்காரு வேட்டையில் வல்லவராய்த் திகழ்ந்ததோடு, புரொசர்பைன் துப்பாக்கிக் கழகத்துப் போட்டிகளில் பல பரிசுகளும் பெற்றார். சிறுவராயிருந்தபோதே 25 தப்படித் தொலைவினின்று பன்றிக்குட்டியின் வாலைக் குறிபார்த்து அறுத்தார் என்று ஊரார் ஒரு கதை கூறுவர். பன்றிக்குட்டியின் பக்கத்துச் சாட்சியம் நமக்குக் கிடைக்காமையின் அதனைக் கதையாகவே விடுகின்றோம்.

1914-ல் போர் மூண்டது. அக்டோபர் 24-ஆம் நாள் வில்லியம் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார். ஐரோப்பிய வழியினர் அல்லாதார் படையிற் சேர்தற்கு அந்நாளைய பாதுகாப்புச் சட்டமும் அதிகாரிகளின் மனப்பான்மையும் இடந்தரவில்லை. சேர்த்தலும் விலக்கலும் ஆள் சேர்க்கும் அதிகாரியின் கண்ணோட்டத்தையே சார்ந்திருந்தன. இவரைச் சேர்த்த அதிகாரி தந்தையின் குலத்தைப் பாராதவர்போல் இருந்துவிட்டார். குதிரையேற்றமும் குறி தவறாக் கையும் உடைய ஒருவரை இழக்க அவர்க்கு மனம் வரவில்லை போலும். இங்ஙனம் தடைகளைக் கடந்து அப்பெரும்போரில் ஆஸ்திரேலியப் படையிற் பணியாற்றிய சீன வழியினர் இருநூற்றுக்கும் மேற்பட்டவர். அவருள் கேலப் ஷாங் என்பார் இருமுறை ஒரே உயர்பதக்கமும், வேறொரு வீரப்பதக்கமும் பெற்றவர். அவரும் குவீன்ஸ்லாந்தினரே.

வில்லியம் சேர்ந்தது 5-ஆவது இலேசுக் குதிரைப் படை. நியூ சௌத் வேல்ஸ் என்னும் பெயரால் 'வேலர்' எனப்பட்ட அந்நாட்டுக் குதிரைகளை நம் முன்னோரும் அறிவர். 19-ஆம் நூற்றாண்டிலேயே அவை கப்பலேறிச் சென்னைத் துறைக்கும் கல்கத்தாவிற்கும் வந்து ஆங்கிலேயர் குதிரைப்பட்டாளத்தில் நின்றன. ஆனால் துருக்கியரொடு பொருத கலிப்பொலிக் குன்றுகளில் குதிரைக்கு இடமில்லை. ஆகவே குதிரைகளை எகிப்தில் விட்டுவிட்டு, 1915-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்படையினர் காலாட்களாய்க் கரையிறங்கினர்.

அங்கே வில்லியம் மறைந்திருந்து சுடும் வீரராயினார். பொழுது புலருமுன் தன் பதுங்குகுழியிற் புகுவார்; அசையாது பல நாழிகை கிடப்பார். தொலைநோக்கியொடு துணைவர் ஒருவர் பக்கத்திருந்து எதிரியைக் காட்டுவார். டாம் ஷீஹன் என்பாரும், பின்னாளில் நூலாசிரியராய்ப் புகழ்பெற்ற ஐயன் இட்ரியெஸ் என்பாரும் அத்துணைவருள் அடங்குவர். வீழ்ந்தவனைத் துணைவர் கண்ணாற் கண்டாலன்றிக் கணக்கில் எழுதுவதில்லை. ஆகஸ்டு மாதத்தில் எதிரியின் குண்டு ஒன்று ஷீஹனது தொலைநோக்கியின் ஒருமுனையிற் புகுந்து மறுமுனையில் வெளிப்பட்டு, அவர் கையையும் முகத்தையும் புண்படுத்திப் பின் சிங்கின் தோளிற் பாய்ந்தது. ஷீஹன் கப்பலேறினார், சிங் சில நாளில் மீண்டும் குழிக்குத் திரும்பினார். இரவெல்லாம் மந்தை காத்த குடியிற் பிறந்தவர்க்கு விழித்துக் கிடத்தல் புதிதன்று.

எண்ணிக்கை பலவாறு கூறப்படுகின்றது. அரசாங்கக் கணக்கு 150. அக்டோபரில் தளபதி பேர்ட்வுட் பாராட்டிய எண் 201. மேலதிகாரி மிட்ஜ்லி என்பாரின் மதிப்பு ஏறத்தாழ 300. இவ்வெண்களுள் எது மெய்யென்று வாதிடுவார் பலர். நாம் அவ்வாதத்திற் புகோம். ஒவ்வோர் எண்ணும் அனதோலியாவின் ஏதோ ஒரு சிற்றூரில் ஏர்பிடித்த ஒருவனைக் குறிப்பது. அவனுக்கும் தந்தையும் குடிவரலாறும் உண்டு. 1916-ல் சிங்கிற்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் 'டிஸ்டிங்குவிஷ்ட் காண்டக்ட் மெடல்' என்னும் உயர்பதக்கம் நல்கியது. 1917-ல் 31-ஆவது காலாட்படையிற் சேர்ந்து மேலைப் போர்முனை சென்றார், பலமுறை புண்பட்டார், நச்சுப்புகையும் உண்டார். அவ்வாண்டு ஜூனில் எடின்பரோ நகரில் எலிசபெத் ஸ்டூவர்ட் என்னும் நங்கையை மணந்தார். செப்டம்பரில் பாலிகன் காட்டுப் போரில் எதிரியின் மறைசுடுநரை அடக்கிய செயலுக்காகப் பெல்ஜிய நாடு 1918-ல் 'குருவா தெ கெர்' என்னும் விருதளித்தது.

இப்புகழே முன்னர்க் குறித்த வழக்கிற்கு இடனாயிற்று. 2010-ல் இவர் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக்க முற்பட்டோர், சிங்காகவும் அவர் தந்தையாகவும் வெள்ளை நடிகரையே அமர்த்தினர். தந்தை வேடத்திற்கு ஏற்ற முதிய சீனநடிகர் கிடைக்கவில்லை என்று காரணம் கூறப்பட்டது. ஆஸ்திரேலியச் சீனர் மனம் வருந்திக் கண்டித்தனர். அவர் வருத்தம் முறையானதே என்பது நம் துணிபு. வேடத்திற்கு ஆள் கிடையாதது ஒரு தொல்லை. அத்தொல்லை தீர மாண்டுபோன ஒருவரின் தந்தையை மாற்றுதல் எங்ஙனம் பொருந்தும்? 1914-ல் ஓர் அதிகாரி ஜான் சிங்கைக் காணாதவர்போல் இருந்தார். அதனால் மகனுக்குப் போர்க்களம் கிடைத்தது. 2010-ல் மீண்டும் அவர் காணாதொழிக்கப்பட்டார். இம்முறை மகனின் புகழை வேறொருவர் உடைமையாக்கும் பொருட்டு. குறிபார்த்த கண்ணையும் கிடந்த பொறுமையையும் ஏற்றுக்கொண்டு, அவற்றை ஊட்டிய மந்தையோட்டியை மட்டும் விலக்குவது வரலாறாகாது.

இனி அவர் நாடு திரும்பிய பின் நிகழ்ந்தவை. 1918-ல் படைத்தொழிலுக்குத் தகுதியற்ற உடலினராய் மீண்டார். அவர் பிறந்த ஊரோ பழைய இடத்திலேயே இல்லை. 1916-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வந்த பெருவெள்ளத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சிய கட்டடங்கள் நீராவி எந்திரத்தால் மேட்டுநிலத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டன. போர் வீரர்க்கு நிலம் வழங்க 1917-ல் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி சிங்கும் நிலம் பெற்று ஆடு வளர்த்தார். நிலம் வறண்டது, முயற்சி முறிந்தது. குற்றம் அவர் ஒருவருடையதன்று. நாடெங்கும் இங்ஙனம் நிலம் பெற்றோர் ஏறத்தாழ 37,000 பேர். 1929-ல் நீதிபதி பைக் ஆராய்ந்து அறிவித்தபடி, முதலின்மையும், நிலத்தின் சிறுமையும், பயிற்சியின்மையும், விளைபொருள் விலை வீழ்ச்சியும் அவர்களைக் கெடுத்தன. அரசாங்கங்களின் இழப்பு மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 35 லட்சம் பவுன். குடியானவர்களின் இழப்பு அவ்வறிக்கையின் தொகையில் இல்லை.

பின்னர்ச் சிங் கிளெர்மாண்டுப் பகுதியிலேயே பொன் தோண்டினார். தந்தையின் இனத்தார் வந்து தோண்டித் துரத்தப்பட்ட அதே மண். 1942-ல், அங்கே வாழ்க்கைச் செலவு குறைவென்று தங்கை பியாட்ரிஸிடம் சொல்லிவிட்டுப் பிரிஸ்பேன் நகர் சென்று கூலிவேலை செய்தார். 1943-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், வெஸ்ட் எண்டு பகுதியில் வாடகை விடுதி ஒன்றின் அறையில், நெஞ்சுநோயால் தனியே உயிர்நீத்தார். வயது 57.

அறையில் இருந்தது 5 ஷில்லிங். சுரங்கத்தருகே 20 பவுன் பெறுமானமுள்ள குடிசை ஒன்று. வேலைகொடுத்தோரிடம் வரவேண்டிய கூலிப்பாக்கி 6 பவுன் 10 ஷில்லிங் 8 பென்ஸ். பதக்கங்கள் அகப்படவில்லை. உடல் லட்விச் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டது.